விளையாடிய கால்களின் பிற்காலம்: போட்டி விளையாட்டும் மூட்டு அசைவும்

விளையாட்டையும் உடம்பையும் பற்றி எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டு பேச்சுகள் வழக்கில் உண்டு. ஒன்று, "விளையாடின உடம்பு, அதுக்கு ஒண்டும் ஆகாது" என்பது. மற்றது, "அந்தக் காலத்துல ஓடின ஓட்டம், இப்ப முட்டுக்கால் தேய்ஞ்சி போச்சு" என்பது. இரண்டையும் ஒரே ஆள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மகன் பாடசாலை அணிக்குத் தெரிவாகும்போது முதலாவது பேச்சு வரும். தான் மாடிப்படி ஏறும்போது இரண்டாவது வரும். இரண்டும் ஒரேயடியாக உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டிலும் ஏதோ ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன், வைத்தியன் அல்லன். ஆனாலும் எமது பாடசாலைகளில் தமிழாசிரியர், சமய ஆசிரியர் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் முதலாம் தவணை வந்தால் ஏதாவதோர் இல்லத்துக்குப் பொறுப்பாகத்தான் வேண்டும். இருபது வருடமளவில் அந்தப் பொறுப்பில் மைதானத்தில் நின்றிருக்கிறேன். "முட்டுக்கால் நோகுது சேர்" என்று வருகிற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அப்படி விளையாடிய என் வயதொத்தவர்கள் இப்போது தரையில் இருந்து எழும்பப் படுகிற பாட்டையும் காண்கிறேன். இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் வாசித்தவற்றையும், விளங்காத இடங்களில் வைத்திய நண்பர்களிடம் கேட்டறிந்தவற்றையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

மூட்டு என்பது என்ன?

"மூட்டுதல்" என்றால் இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைத்தல். சாரன் வாங்கினால் "மூட்டித் தாங்க" என்று தையற்காரரிடம் கொடுக்கிறோமே, அந்தச் சொல்தான் இது. இரண்டு எலும்புகள் சேர்கிற இடம் மூட்டு. சாரனில் மூட்டிய இடம் அசையாது. உடம்பில் மூட்டிய இடமோ அசைவதற்கென்றே அமைந்தது.

முழங்காலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, முன்னால் சில்லு. எலும்பின் நுனிகளை வழுவழுப்பான ஒரு படலம் போர்த்தியிருக்கிறது. விஞ்ஞானப் பாடநூல் இதனைக் கசியிழையம் என்கிறது. தமிழகத்தார் குருத்தெலும்பு என்பர். இதன் தடிப்பு சில மில்லிமீற்றர்தான். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. மேலிருந்து வருகிற பாரத்தைப் பரப்பிக் கொடுப்பது இவற்றின் வேலை. எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருப்பவை பிணைப்பு நார்கள். முழங்காலின் நடுவே குறுக்காகச் செல்லும் இரண்டு நார்களில் முன்னால் இருப்பதுதான் விளையாட்டு வீரர்கள் அதிகம் பயப்படுகிற நார். இவை எல்லாவற்றையும் ஓர் உறை மூடியிருக்கிறது. உறைக்குள்ளே எண்ணெய் போன்ற கொஞ்சம் மூட்டு நீர். உறைக்கு வெளியே தசைகள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. கசியிழையத்துக்கு இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. இரத்தக் குழாய் இல்லாததால் அது காயப்பட்டால் தோலைப் போல ஆறி வளராது. நரம்பு இல்லாததால் அது சேதமாகும் தொடக்க காலத்தில் நோவு தெரியாது. நோவு தெரிய வரும்போது, சுற்றியுள்ள உறையும் கீழேயுள்ள எலும்பும் பாதிக்கப்பட்டிருக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

"தேய்வு" என்ற சொல் செய்கிற குழப்பம்

எக்ஸ்ரே படத்தைப் பிடித்துப் பார்த்து, "எலும்பு தேய்ஞ்சிருக்கு" என்று சொல்வது எமது வைத்தியசாலைகளில் வழக்கம். இச்சொல்லைக் கேட்டவர் செருப்பையும் டயரையும் நினைத்துக்கொள்கிறார். செருப்பு நடக்க நடக்கத் தேயும், நடக்காமல் வைத்தால் தேயாது. ஆகவே காலையும் அசைக்காமல் வைத்திருந்தால் பாதுகாப்பு என்று முடிவெடுத்துவிடுகிறார். ஒரு சொல் ஒரு நோயாளியைக் கதிரையில் உட்கார்த்திவிடுகிறது.

உயிருள்ள மூட்டு செருப்பைப் போன்றதன்று. இரத்தம் வராத கசியிழையத்துக்கு உணவு மூட்டு நீரிலிருந்துதான் வர வேண்டும். கால் பாரத்தைத் தாங்கும்போது கசியிழையம் பஞ்சைப் போல அமுங்கி நீரை வெளியே விடுகிறது. பாரம் நீங்கும்போது மறுபடி நீரை உறிஞ்சுகிறது. நடப்பதும் ஓடுவதும் அதற்குச் சோறு ஊட்டுவது மாதிரி. நீண்ட நாள் அசையாமல் கட்டிலில் கிடந்தவரின் கசியிழையம் மெலிந்துபோகிறது என்பதும் அறியப்பட்ட உண்மை.

ஓட்டக்காரர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பீடு 2017 இல் வெளிவந்தது. உடல்நலத்துக்காகப் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டு நோய் இருந்தவர்கள் நூற்றுக்கு 3.5 பேர். ஓடாமல் இருந்தவர்களில் நூற்றுக்கு 10.2 பேர். உயர்மட்டப் போட்டிகளில் ஓடியவர்களில் நூற்றுக்கு 13.3 பேர். இந்த மூன்று எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மிதமாக ஓடுபவருக்கு, சும்மா இருப்பவரை விட மூட்டு நன்றாக இருக்கிறது. போட்டிக்காக உச்ச அளவில் ஓடுபவருக்கு அந்த நன்மை கைநழுவிப் போகிறது. மிதமாக ஓடுபவர்கள் ஆரம்பத்திலேயே உடல் மெலிந்த, நோவில்லாத ஆட்களாக இருந்திருக்கலாம் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். என்றாலும் "ஓடினாலே தேயும்" என்ற பேச்சு இந்த எண்களுக்கு முன்னால் நிற்காது.

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல

பின்லாந்து நாட்டில் 1995 இல் வெளியான ஓர் ஆய்வு, முன்னர் உயர்மட்டத்தில் விளையாடி ஓய்ந்த 117 ஆண்களின் முழங்கால்களைப் பரிசோதித்தது. அவர்களின் வயது 45 முதல் 68 வரை. முழங்கால் மூட்டு நோய் காணப்பட்டவர்களின் விகிதம் இப்படி இருந்தது: துப்பாக்கி சுடும் போட்டியில் ஈடுபட்டவர்களில் நூற்றுக்கு 3, நெடுந்தூர ஓட்டக்காரரில் 14, உதைபந்தாட்டக்காரரில் 29, பாரம் தூக்கியவர்களில் 31.

ஓட்டக்காரர் ஓடிய மொத்தத் தூரம் உதைபந்தாட்டக்காரர் ஓடியதைவிடக் கட்டாயம் அதிகமாக இருக்கும். ஆனால் அவரின் முழங்கால் உதைபந்தாட்டக்காரரின் முழங்காலைவிட நல்ல நிலையில் இருந்தது. ஆக, தூரம் மட்டும் காரணம் ஆக முடியாது. உதைபந்தாட்டக்காரர் திடீரென நிற்கிறார், திரும்புகிறார், பாய்கிறார், மோதி விழுகிறார். காயம் நேர்வது அங்கேதான். பாரம் தூக்குபவருக்கோ அதிக எடையும், அந்த எடையோடு முழங்காலை ஆழமாக மடக்குவதும் சேர்ந்துகொள்கின்றன.

இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற தொழில்முறை உதைபந்தாட்டக்காரர் ஆயிரத்து இருநூறு பேரளவில் கேட்டறிந்து, பொதுமக்களோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2018 இல் வந்தது. முழங்கால் நோவு இருப்பதாகச் சொன்னவர்கள், ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு 52. பொதுமக்களில் நூற்றுக்கு 27. முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு 11 பேர், பொதுமக்களில் 4 பேர். இந்த வித்தியாசத்துக்கு மிகப் பெரிய காரணம் முழங்காற் காயம்தான் என்று அவ்வாய்வு கண்டது. காயத்தைக் கழித்துப் பார்த்தபோதும் கொஞ்சம் மேலதிக ஆபத்து மிஞ்சியிருந்தது.

ஒரு காயத்தின் நீண்ட நிழல்

1948 இல் ஃபெயார்பேங்க் என்ற பிரித்தானியச் சத்திரசிகிச்சை நிபுணர் ஓர் அவதானத்தை வெளியிட்டார். முழங்காலின் உள்ளே இருக்கும் பிறை மெத்தை கிழிந்தால் அதை அப்படியே வெட்டி எடுத்துவிடுவது அக்கால வழக்கம். அது பெரிதாகப் பயன்படாத ஓர் உறுப்பு என்றே பலர் நினைத்திருந்தார்கள். மெத்தையை எடுத்தவர்களின் எக்ஸ்ரே படங்களைத் தொடர்ந்து பார்த்த ஃபெயார்பேங்க், எலும்பு நுனிகள் தட்டையாவதையும், மூட்டின் இடைவெளி குறுகுவதையும், ஓரங்களில் எலும்பு மேடு தட்டுவதையும் கண்டார். சுவீடனில் 1998 இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. மெத்தையை முழுமையாக எடுத்து 21 வருடங்களுக்குப் பின்னர், அவர்களுக்கு முழங்கால் மூட்டு நோய் காணப்படும் ஆபத்து, அதே வயதுள்ள மற்றவர்களைவிட 14 மடங்காக இருந்தது. இதனாலேயே இன்றைய சத்திரசிகிச்சையாளர்கள் கிழிந்த மெத்தையைத் தைக்க முடிந்தால் தைக்கவும், முடியாவிட்டால் இயன்றவரை குறைவாக வெட்டவும் பார்க்கிறார்கள்.

முன் குறுக்கு நார் அறுவதும் இப்படியே. சுவீடனில் அந்த நார் அறுந்த உதைபந்தாட்டப் பெண்களை 12 வருடங்களுக்குப் பின்னர் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். ஆய்வு 2004 இல் வெளியானது. எக்ஸ்ரே எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 82 பேரின் முழங்காலில் ஏதாவது மாற்றம் இருந்தது. நூற்றுக்கு 51 பேருக்கு அது மூட்டு நோய் என்று சொல்லுமளவு இருந்தது. அவர்களின் சராசரி வயது அப்போது 31. நாரைச் சத்திரசிகிச்சை மூலம் திருத்திக்கொண்டவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை.

31 வயது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எமது பாடசாலைகளில் இருந்து வெளியேறிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன பிள்ளையின் வயது அது. கைக்குழந்தையைத் தூக்குகிற வயது. செயற்கை மூட்டு வைப்பதற்கு வைத்தியர்கள் தயங்குகிற வயதும் அதுதான். செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு, இளவயதில் வைத்தால் இன்னொரு முறை மாற்ற வேண்டி வரலாம்.

வெளியே தெரியாத விலை

ஆர்ஜென்டீனாவின் கேப்ரியல் பட்டிஸ்டுட்டாவை எண்பது, தொண்ணூறுகளில் பிறந்த உதைபந்தாட்ட இரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகக் கிண்ணப் போட்டிகளில் 10 கோல் போட்டவர். 2005 இல் அவர் ஓய்வுபெற்ற பின்னர் கணுக்கால் நோவு தாங்காமல், கட்டிலிலிருந்து சில அடி தூரத்தில் இருந்த கழிவறைக்குப் போகவும் ஏலாமல், கால்களை வெட்டி எடுத்துவிடுமாறு வைத்தியரிடம் கேட்டதாகப் பிற்காலத்தில் பேட்டியொன்றில் சொல்லியிருக்கிறார். நோவோடு விளையாடியதையும், ஊசி போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனதையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எமது நாட்டில் லசித் மாலிங்க வேறொரு வழியைத் தெரிவு செய்தார். 2011 ஏப்ரலில், 27 வயதில், 30 டெஸ்ட் போட்டிகளோடு டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விலகினார். வலது முழங்காலில் நெடுநாளாக இருந்துவந்த சிதைவு நிலையே அவர் சொன்ன காரணம். அந்நேரம் பலவிதமாகப் பேசினார்கள். காசுக்காகத்தான் போகிறார் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் நாளொன்றுக்கு இருபது ஓவர் போட வேண்டிய ஆட்டத்தை விட்டு, நான்கு ஓவர், பத்து ஓவர் போடும் ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டதால் மூட்டில் விழுந்த மொத்தப் பாரம் குறைந்தது. 2014 இல் ரி-20 உலகக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அணித்தலைவராக இருந்தவர் அவர்தான். முழுமையாக ஓய்வுபெற்றது 2021 இல். பாரத்தைக் குறைப்பது ஆட்டத்தையே விடுவதாகாது என்பதற்கு இது எமக்குத் தெரிந்த நல்ல உதாரணம்.

இடுப்பு மூட்டின் கதை கொஞ்சம் வேறு. வளரும் வயதில் கடுமையாக உதைபந்தாட்டப் பயிற்சி செய்யும் பையன்களில், தொடை எலும்பின் தலைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு சிறு மேடு உருவாவது மற்றவர்களைவிட அதிகம் என்று நெதர்லாந்து ஆய்வுகள் காட்டின. எலும்பு இன்னும் முற்றாத வயதில் விழும் பாரத்துக்கு ஏற்ப அது தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. பிற்காலத்தில் காலை மடக்கி உள்ளே திருப்பும்போது அந்த மேடு கிண்ணத்தின் ஓரத்தில் இடிக்கும். சுவீடனில் 286 முன்னாள் உதைபந்தாட்டக்காரரை ஆராய்ந்தபோது இடுப்பு மூட்டு நோய் நூற்றுக்கு 5.6 பேருக்கு இருந்தது. விளையாடாதவர்களில் அது 2.8.

அசைவு எப்படிக் குறைகிறது?

மூட்டு அசைவு குறைவதற்குக் கசியிழையம் மட்டும் காரணமன்று. சேதமான மூட்டின் ஓரங்களில் எலும்பு மேடு தட்டுகிறது. அது கதவுக்குக் கீழே சிக்கிய கல்லைப் போல மடிப்பைத் தடுக்கிறது. அடிக்கடி வீங்கும் மூட்டின் உறை தடித்து இறுகுகிறது. காயத்தோடு தொடைத் தசை மெலிகிறது. நோவுக்குப் பயந்து மடக்காமலே வைத்திருந்தால் இறுக்கம் இன்னும் கூடுகிறது. கடைசிக் காரணம் மட்டும் எம் கையில் இருக்கிறது. அதனால்தான் சிகிச்சை அங்கிருந்து தொடங்குகிறது.

எம்மவர்க்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சமதரையில் நடக்க முழங்கால் 60 முதல் 70 பாகை மடங்கினால் போதும். படி ஏறி இறங்கவும் கதிரையிலிருந்து எழும்பவும் 90 பாகையளவு தேவை. ஆனால் குந்தியிருக்க 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். தொழுகையின் இருப்பில் குதிகாலின்மேல் உட்காரும்போதும் அவ்வளவு மடிப்புத் தேவைப்படுகிறது. கணுக்காலும் பெருவிரலும்கூட அங்கே வளைய வேண்டும். பாயில் சப்பாணி கட்டி இருந்து சாப்பிடுவதற்கு முழங்காலோடு இடுப்பும் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும்.

மேல்நாட்டில் ஒருவரின் முழங்கால் 110 பாகை மடங்கினால் அவர் நடப்பார், காரில் ஏறுவார், மேசையில் சாப்பிடுவார். தன் வாழ்வில் பெரிதாக ஒன்றையும் இழக்கவில்லை என்று நினைப்பார். அதே 110 பாகை உள்ள எமது ஊர்க்காரர் பாயை இழக்கிறார், பழைய கழிவறையை இழக்கிறார், ஸுஜூதிலிருந்து எழுந்து இருப்பில் அமர்வதை இழக்கிறார். அவரை எக்ஸ்ரேயில் பார்த்தால் நோய் மத்திமமாகத்தான் தெரியும். இழப்பை அவரிடமே கேட்டால்தான் தெரியும். "சேர், எல்லாரும் ஸஃப்புல நிக்கக்குள்ள நான் கதிரைய இழுத்துக்கிட்டுப் பின்னால போறது ஒரு மாதிரி இருக்கு" என்று எமது ஊரின் முன்னாள் தடுப்பாட்டக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். ஐம்பது வயதும் ஆகாதவர். இயலாதவருக்குக் கதிரையில் தொழ மார்க்கம் இலேசாக்கித் தந்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பதினெட்டு வயதில் கவனித்திருந்தால் அந்தக் கதிரை இன்னும் இருபது வருடம் கழித்து வந்திருக்கலாம் அல்லவா? அவருடைய முழங்கால் அந்த வயதில் ஒருமுறை திரும்பி வீங்கியது. எண்ணெய் போட்டு உருவி, துணியால் இறுக்கிக் கட்டி, மூன்றாம் கிழமை மறுபடி விளையாடியிருக்கிறார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை "முட்டு விலகிப் போச்சு" என்று விழுந்து எழும்பியிருக்கிறார்.

பாடசாலை மைதானத்தில் என்ன செய்யலாம்?

எமது சிறிய பாடசாலைகளில் கெட்டிக்கார ஆட்டக்காரர் பத்துப் பேர்தான் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரே உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், கபடி, மெய்வல்லுநர் என்று எல்லா அணியிலும் இருப்பார்கள். வலய மட்டப் போட்டிகள் அடுத்தடுத்து வரும்போது ஒரே பிள்ளை ஒரு கிழமைக்குள் நாலு விளையாட்டில் ஓடுகிறது. வருடம் முழுதும் பயிற்சியில்லாமல் இருந்துவிட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் காலையும் மாலையும் ஓட வைக்கிறோம். பாரம் திடீரென்று கூடுவதே காயத்துக்கு வாசல் திறக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மைதானம் கிடைக்காமல், சீமெந்து முற்றத்தில் வலைப்பந்து பழக்கும் பாடசாலைகளும் உண்டு. ஒரே விளையாட்டில் பெண்களுக்கு முன் குறுக்கு நார் அறும் ஆபத்து ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதை நினைத்தால், அவர்களுக்குத்தான் நல்ல தரையும் நல்ல பயிற்சியும் முதலில் கொடுக்கப்பட வேண்டும்.

சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா "11+" என்ற பெயரில் ஒரு தயார்ப்படுத்தல் பயிற்சியை அறிமுகப்படுத்தியிருக்கிறது. மெதுவான ஓட்டம், ஒற்றைக் காலில் சமநிலை, தொடையின் பின்தசையைப் பலப்படுத்தல், பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல் மடக்கி இறங்குதல் ஆகியவை அதில் அடங்கும். இருபது நிமிடம் போதும். உபகரணம் என்று பந்தைத் தவிர ஒன்றும் தேவையில்லை. நோர்வேயில் இளம் பெண் ஆட்டக்காரர்களிடம் செய்து பார்த்தபோது காயங்கள் மூன்றிலொரு பங்களவு குறைந்தன. மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஆட்டத்தில் இறங்கும் எமது வழக்கத்துக்குப் பதிலாக இதைப் பழக்குவதற்குச் செலவு எதுவும் இல்லை.

12 முதல் 15 வயதுப் பிள்ளைகள் சிலருக்கு முழங்காற் சில்லுக்குக் கீழே ஒரு புடைப்புத் தோன்றி, தொட்டால் நோகும். வளரும் எலும்பைத் தசைநாண் இழுப்பதால் வருவது இது. பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானாகவே அடங்கிவிடும். பயப்படத் தேவையில்லை. பாய்தலையும் ஓட்டத்தையும் நோவுக்கு ஏற்பக் குறைத்தால் போதும். ஆனால் கீழ்வரும் அறிகுறிகள் வேறு வகை. காயப்பட்ட சில மணித்தியாலத்துக்குள் முழங்கால் பந்து மாதிரி வீங்குதல், திரும்பும்போது "டக்" என்று சத்தம் கேட்டு விழுதல், காலை நீட்ட ஏலாமல் பூட்டிக்கொள்ளுதல், நடக்கும்போது முழங்கால் நழுவிப்போவது போலிருத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பிள்ளை அன்று விளையாடக் கூடாது. உருவவும் கூடாது. எலும்பு மூட்டு வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். குளிர் ஸ்பிரே அடித்தால் நோவு கொஞ்ச நேரம் மறைகிறது, அறுந்த நார் ஒட்டுவதில்லை.

நார் திருத்தும் சத்திரசிகிச்சை செய்த பிள்ளை எப்போது திரும்பி வரலாம்? நோர்வே ஆய்வொன்று 2016 இல் இதற்கு விடை சொன்னது. 9 மாதம் வரைக்கும் ஒவ்வொரு மாதம் பொறுத்திருக்கும்போதும் முழங்கால் மறுபடி காயப்படும் வீதம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. ஆறாம் மாதத்தில் "இப்ப நோவில்லைதானே, மாகாண மட்டம் வருகுது, ஒரு மெட்ச் மட்டும்" என்று அழைப்பதற்கு இந்த எண்ணைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

விளையாடி முடித்தவர்களுக்கு

போட்டியை விட்டபின் வரும் பத்து வருடங்கள் மிக முக்கியமானவை. ஓட்டம் நிற்கிறது, சாப்பாடு நிற்பதில்லை. கலியாணம், வேலை, மோட்டார் சைக்கிள். உடல் எடை கூட, தொடைத் தசை கரைய, பழைய காயம் தலைகாட்டத் தொடங்குகிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோவளவு குறைகிறது என்று 2005 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று அளந்து காட்டியது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி எடுத்து வைக்கிறோம் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மூட்டு நோய் வந்தவருக்கும் முதற் சிகிச்சை பயிற்சிதான் என்பதில் இன்று உலகளாவிய வழிகாட்டல்கள் உடன்படுகின்றன. கதிரையில் இருந்தபடி காலை நேரே நீட்டிச் சில செக்கன் பிடித்து இறக்குவது, கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, நாளாந்தம் நோவு தாங்குமளவுக்கு மூட்டை முழுமையாக மடக்கி நீட்டுவது, நடை, சைக்கிள், நீச்சல். தொடக்கத்தில் கொஞ்சம் நோகும். அந்த நோவு மறுநாட் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் தொடரலாம். இறங்காமல் வீக்கமும் வந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் இதைச் சொல்லித்தர பிசியோதெரபிப் பிரிவுகள் இருக்கின்றன. எம்மவர்கள் மருந்து வாங்கும் வரிசையில் நிற்பார்கள், அந்தக் கதவைத் தட்டுவது குறைவு.

நோவு மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. பார்மசியில் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் விழுங்கும் வீக்கம் குறைக்கும் மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கலாம். சீனி வியாதியும் பிரஷரும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடரக் கூடாது. மூட்டுக்குள் போடும் ஸ்டீரோய்ட் ஊசி சில கிழமைக்கு ஆறுதல் தரும். அடிக்கடி போடுவது கசியிழையத்துக்கே கூடாது.

இவ்வளவையும் பார்த்துவிட்டுப் பிள்ளையை விளையாட்டிலிருந்து நிறுத்திவிட எந்த உம்மாவும் வாப்பாவும் நினைக்க வேண்டாம். விளையாடாமல் கைத்தொலைபேசியோடு வளரும் உடம்புக்கு வருகிற நோய்கள் இதைவிட அதிகம். இதயத்துக்கும் சீனிக்கும் மனதுக்கும் விளையாட்டு செய்கிற நன்மையை மூட்டுக் கணக்கில் தள்ளுபடி செய்ய முடியாது. ஆய்வுகள் குற்றம் சாட்டுவது பெரும்பாலும் காயத்தையும், ஆறாத காயத்தோடு விளையாடுவதையும், அளவு மீறிய பாரத்தையும்தான்.

ஆகவே பாடசாலைகளுக்கு ஒரு சிறிய யோசனை. மாணவர் வரவுப் பதிவேடு வைத்திருக்கிறோம், புள்ளிப் பதிவேடு வைத்திருக்கிறோம். விளையாட்டறையில் ஒரு காயப் பதிவேடும் வைக்கலாம். பிள்ளையின் பெயர், திகதி, எந்த மூட்டு, வீங்கியதா, எந்த வைத்தியர் பார்த்தார், எப்போது திரும்பி விளையாட அனுமதித்தார் என்று ஆறு நிரல் போதும். பயிற்றுநர் மாறினாலும் அதிபர் மாறினாலும் அக்கொப்பி அங்கே இருக்கும். அடுத்த வலயப் போட்டிக்கு அணியைத் தெரிவு செய்ய உட்காரும்போது, போன வருடப் பரிசுப் பட்டியலோடு அதையும் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெயர்களை எழுதலாம்.